காபி டப்பாவில் கிடந்த தகடு

பிப்ரவரி 21, 1994

அன்புள்ள கர்ட்,

இங்கு நான் நலம். இந்த மூன்று வார்த்தைகளை இந்தத் தடவை சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை, நிறுத்திப் படி. அலாஸ்காக் குளிரில் நீயும் டெப்பும் பிள்ளைகளும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் பேசினால் நான் கத்துவேன், நீயும் "சரிம்மா சரிம்மா" என்று நழுவிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே பனி இன்னும் முழங்கால் அளவு கிடக்கிறது. போன வாரம் சர்ச்சில் சூப் விருந்து, நான் பத்து டஜன் கொலாச்சி, பழம் வைத்த ரொட்டி, சுட்டுக் கொடுத்தேன், ஒன்றுகூடக் கருகவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் இரண்டு தட்டு கருகியதை உன் அக்கா ஜோலின் உனக்குச் சொன்னாள் அல்லவா, இதையும் தெரிந்துகொள். பாதிரியார் பெயர் எனக்கு வாயில் வராமல் போனதையும், தானியக் கிடங்குச் சந்திப்பில் காரை நிறுத்திவிட்டு வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்ததையும் சொல்லியிருப்பாள். நீங்கள் இரண்டு பேரும் போனிலேயே கூடிப் பேசி, காரை விற்பது, வீட்டை விற்பது, என்னை லிங்கன் நகரத்து முதியோர் இல்லத்தில் விடுவது என்று முடிவெடுத்துவிட்டீர்கள். ஜனவரி எட்டாம் தேதி ஜோலின் வந்து, "அம்மா, அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்று அழுதுகொண்டே கார் சாவியை வாங்கிப் போனாள். நானும் கொடுத்தேன். வருகிற வெள்ளிக்கிழமை வீட்டுத் தரகரை அழைத்து வருகிறாளாம்.

சாவி போய் வீட்டிலேயே கிடந்தேனா, நான்காம் நாள் தலைவலி நின்றது. ஒரு வாரத்தில் பாதிரியார் பெயர் வந்தது, அவருடைய நாயின் பெயர்கூட வந்தது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. தினமும் மதியம் தனியாக இருக்கும் கிழடுகளுக்கு (பாதிப் பேர் என்னைவிடச் சின்னவர்கள்) சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பேனே, இரண்டு மணி நேரம், ஹீட்டரைப் போட்டு, கண்ணாடியை ஏற்றி, வாசலுக்கு வாசல் எஞ்சினை ஓடவிட்டு. திரும்பி வந்தால் தலை பிளக்கும், வாந்தி வரும். அந்தக் காரில்தான் ஏதோ இருக்கிறது என்று எழுந்தேன். மாற்றுச் சாவி மாவு டப்பாவுக்குள் இருப்பதை நான் மறக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்.

ஷெட் கதவை விரியத் திறந்துவிட்டு இம்பாலா காரைக் கிளப்பினேன். எஞ்சின் ஏறி இறங்கித் தள்ளாடியது, கார்பரேட்டருக்கு அடியில் டிக் டிக் என்று ஒரு சத்தம். கார்பரேட்டர் துடைக்கும் ஸ்ப்ரேயை அதன் அடிப்பக்கத்தில் சுற்றிலும் பீய்ச்சினேன், பின்பக்க மூலையில் பட்டதும் ஓட்டம் மாறியது. அங்கேதான் ஓட்டை. ஆறவிட்டுக் கார்பரேட்டரைக் கழற்றினேன், பக்கத்து வீட்டு மில்ட் வந்து தூக்கிக் கொடுத்தான். அதற்கு அடியில் இடைவெளி அடைக்க வைக்கும் கேஸ்கட் அட்டை ஒரு பக்கம் கரியாக எரிந்து போயிருந்தது. நீ ஆகஸ்டில் வைத்துவிட்டுப் போன கறுப்பு பிளாஸ்டிக் கட்டையின், அந்த ஸ்பேசரின், வயிறு உருகி வழிந்திருந்தது. போல்ட்டுகளை நீ முறுக்கிய முறுக்கில் கார்பரேட்டரின் அடிப்பாகமே வளைந்திருக்கிறது. மில்ட் அதைப் பார்த்துவிட்டு, "லவோன், இதப் பூட்டினது கையா, டிராக்டரா?" என்றான். என் மகன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

வெயிலில் பெட்ரோல் கொதித்து வண்டி நிற்கிறது, சூட்டைத் தடுக்க ஒரு கட்டை வைக்கிறேன் என்றாய், நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த எஞ்சினில் குளிருக்காக எஞ்சின் புகையின் சூடு கார்பரேட்டருக்கு நேர் கீழே ஒரு பள்ளத்தில் ஓடுகிறது. அதற்குத்தான் கேஸ்கட்டின் மேல் ஒரு மெல்லிய எஃகுத் தகடு. அது இல்லாவிட்டால் அந்தச் சூடு எதையும் தின்றுவிடும், விஷப்புகை வெளியே வந்து காற்று வழியாகக் காருக்குள் இறங்கி, தலைவலியும் வாந்தியும் மறதியும் தரும். இருபத்தெட்டு வருடம் உதிரிபாகக் கடை மேஜையில் நின்றவள் நான். அன்றைக்கே சமையலறையிலிருந்து கத்திக் கேட்டேன், தகட்டைத் திரும்பப் போட்டாயா என்று. நீ என்ன சொன்னாய்? "எல்லாம் போட்டாச்சும்மா, நீ போய் அடுப்புல இருக்கற ஆப்பிள் பையைப் பாரு." தகடு எங்கே கிடந்தது தெரியுமா, ஷெட் அலமாரியில், நீ பழைய ஆணி போட்டு வைத்த காபி டப்பாவில்!

உன் ஸ்பேசரைத் தூக்கிப் போட்டேன். அடியைத் தேய்த்துச் சமமாக்கினேன், புதுக் கேஸ்கட், மேலே தகடு, அதன் மேல் கார்பரேட்டர், போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். மில்ட் தீயணைப்புக் குழுவிடமிருந்து விஷப்புகையை அளக்கும் மானியைக் கொண்டுவந்து காருக்குள் வைத்துப் பார்த்தான், ஒன்றுமே காட்டவில்லை. மூன்று வாரமாக மறுபடியும் சாப்பாடு கொண்டு போகிறேன், தலைவலி இல்லை. இதையெல்லாம் ஜோலினிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இப்படி எதையாவது காரணம் கண்டுபிடிக்கறதும் அந்த வியாதியோட குணம்தான்" என்கிறாள். எரிந்த கேஸ்கட்டைக் காட்டினால் அதையும் பாவமாகப் பார்க்கிறாள். நான் சொல்வது இனி இந்த வீட்டில் எடுபடாது. நீ சொன்னால்தான் எடுபடும், ஏனென்றால் தகட்டைப் போடாதவன் நீ.

தகடு விட்டுப்போனது தப்புதான், யாருக்கும் நடக்கும். எனக்குப் பொறுக்காதது வேறு. நீங்கள் சொன்னதை நான் நம்பினேன், கர்ட். உன் அப்பா கடைசியில் என்னை யாரென்று கேட்டாரே, அதே வழியில் நானும் போகிறேன் என்று நம்பி, யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்து அழுதேன். அடையாளம் தெரியாமல் போகும் நாளுக்கென்று சுவரில் மாட்டிய படங்களையெல்லாம் கழற்றி, பின்னால் பெயர் எழுதி வைத்தேன். ஒரு பைத்தியக்காரியைப்போல என் பிள்ளைகளின் பெயர்களைப் பாடம் பண்ணினேன்.

டெப்புக்கும் பிள்ளைகளுக்கும் என் முத்தம். நீங்கள் எல்லோரும் குறைவில்லாமல் நீண்ட காலம் நன்றாயிருக்க வேண்டும், கோபத்தோடு சொன்னாலும் ஆசீர்வாதம் ஆசீர்வாதம்தான். வெள்ளிக்கிழமைக்குள் அக்காவுக்குப் போன் போட்டு, நடந்ததை உன் வாயால் சொல். உன் படத்துக்குப் பின்னால், "இவன் கர்ட், என் மகன், நல்லவன்" என்று எழுதியிருக்கிறேன். கடைசி வார்த்தையை விட்டுவைப்பதா அடிப்பதா என்று வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்கிறேன்.

உன் அம்மா,
லவோன்