எட்டாவது தட்டு

மார்ச் 3

நான் மறக்கவில்லை. முதலில் அதை எழுதிவைக்கிறேன்.

ஆய்வுக்கூடத்தின் பொன்விழா மலருக்கான அச்சுப்படி இன்று வந்தது. என்னைப் பற்றி ஒன்றரைப் பக்கம். ‘வார விடுமுறையில் செல்களுக்குச் சர்க்கரை ஊட்ட மறந்துபோனார், அந்த இனிய மறதியால்தான் செல்கள் சாகும் விதம் புரிந்தது.’

இனிய மறதியாம்! நாற்பது வருடம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, செல்கள் வளர்ந்த எட்டுத் தட்டுகளிலும் சர்க்கரை இல்லாத கரைசலை என் கையால் ஊற்றினேன். பட்டினி போட்டால் செல் வெடித்துச் சாகுமா, இல்லை, தன்னைத் தானே ஒழுங்காகப் பிரித்து அடுக்கிவிட்டுச் சாகுமா என்று பார்க்க. இரண்டாவதுதான் என்பது திங்களன்று தெரிந்தது. இதற்குப் பெயர் மறதியா?

மார்ச் 4

மலராசிரியருக்குப் போன் செய்தேன். முப்பது வயது இருக்கலாம்.

“எல்லாரும் இப்படித்தானே சொல்றாங்க மேடம்? படிக்கச் சுவாரசியமா இருக்கட்டும்னு…”

“சுவாரசியம் வேணும்னா கதை எழுதுங்க. அதுல என் பேரைப் போடாதீங்க.”

ஆதாரம் கேட்டார். கேட்டது சரிதான். பதினைந்தாம் தேதி அச்சுக்குப் போகிறதாம்.

மார்ச் 5

மகள் வந்தாள். “புகழ்ந்துதானேம்மா எழுதியிருக்காங்க? எழுபத்தெட்டு வயசுல இதுக்கொரு சண்டையா?”

“இதையே உங்கப்பா செஞ்சிருந்தா துணிச்சலான சோதனைன்னு போட்டிருப்பாங்க. நான் செஞ்சா மறதி!”

“அப்பா பாவம். உன்கூட எப்படித்தான் குப்பை கொட்டினாரோ!”

மார்ச் 8

ஆய்வுக்கூடத்தின் ஆவண அறை. தரைக்குக் கீழே, சுவரெல்லாம் ஈரம். பொறுப்பாளர் அம்மாள் சாவியைத் தேடிக்கொண்டே சொன்னாள்: “நாப்பது வருஷத்துப் பழசு. எலி தின்னது போக மிச்சம் இருந்தா உங்க அதிர்ஷ்டம் மேடம்.” இவளும் அதிர்ஷ்டம் என்கிறாள்!

என் குறிப்பேட்டை எலி தொடவில்லை. வெள்ளிக்கிழமை, மாலை நாலு பத்து: ‘எட்டுத் தட்டுகள். சர்க்கரை வேண்டுமென்றே நீக்கப்பட்டது.’ கான்வெண்ட் கையெழுத்து, ஒரு சுழி பிசகவில்லை. முழங்கால் இடம் கொடுத்திருந்தால் அங்கேயே ஆடியிருப்பேன்.

இன்னொரு சாட்சியும் இருக்கட்டும் என்று கரைசல் அறையின் பதிவேட்டையும் எடுத்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

ஞாயிறு, காலை பதினொன்று. என் கணவரின் கையெழுத்து. பக்கத்து லேபில் இருந்தவர்; போய்ச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. ‘சர்க்கரைக் கரைசல், சிறு குப்பி ஒன்று. மனைவியின் செல்களுக்கு. ஊட்ட மறந்துவிட்டாள் போலும். ஒரு தட்டுக்குத்தான் போதுமானதாக இருந்தது.’

மார்ச் 9

எழுத ஓடவில்லை.

மார்ச் 10

ஏழு தட்டுகள் செத்தன. எட்டாவது பிழைத்தது. பட்டினியைத் தாங்கும் செல்களும் உண்டு என்று அதை வைத்துத் தனிக் கட்டுரை எழுதினேன். வேறு யாருக்கும் அந்த முடிவு கிடைக்கவில்லை. எனக்கே மறுபடி கிடைக்கவில்லை. விட்டேனா? கை சுத்தம் போதாது என்று கூட்டத்துக்குக் கூட்டம் மற்றவர்களை வறுத்தெடுத்தேன். இவர் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்.

நண்பர்களிடம் ‘மறந்துட்டா’ என்று சொல்லிச் சிரிக்க இவருக்குத் தெரிந்தது; அந்தக் கதைதான் மலர் வரை வந்திருக்கிறது. எங்கிட்ட ஒரு வார்த்தை — ஏங்க, ஏன் சொல்லலே? அவ்வளவு பயமா எங்கிட்ட?

பயந்திருப்பார். நான் அப்படித்தான் இருந்தேன்.

மார்ச் 11

மகளிடம் சொன்னேன்.

“குறிப்பேட்டை மட்டும் அனுப்பும்மா. நீ கேட்டது அதுலயே இருக்கு. பதிவேடு யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியுமே.”

“அப்பா பேரு கெடுமே?”

“பொண்டாட்டி மேல இரக்கப்பட்டார். சோதனையைக் கெடுத்தார். ரெண்டும் நடந்ததுதான். நான் ஊரைத் திட்டினதும் நடந்ததுதான்.”

மார்ச் 12

அனுப்பிய கடிதத்தின் நகல்:

மலராசிரியர் அவர்களுக்கு,

குறிப்பேடு, பதிவேடு இரண்டின் பக்கங்களையும் படமெடுத்து இணைத்துள்ளேன். மறதி என்ற வரியை நீக்க வேண்டும். சர்க்கரையை நீக்கியது என் முடிவு.

பட்டினியைத் தாங்கும் செல்கள் பற்றிய என் கட்டுரை தவறு. அந்தத் தட்டுக்கு என் கணவர் எனக்குத் தெரியாமல் சர்க்கரை ஊட்டியிருக்கிறார். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அதை வெளியிட்ட ஆய்விதழுக்கு எழுதிவிட்டேன். அதை மறுத்த மூன்று ஆய்வாளர்களும் சரியாகவே வேலை செய்தார்கள். அவர்கள் பெயரைப் போட்டு, நான் மன்னிப்புக் கேட்டதாக அச்சிடவும்.

ஒன்றைப் போட்டு மற்றதை விடக் கூடாது. இடம் போதாவிட்டால் என் புகைப்படத்தை எடுத்துவிடுங்கள்.

பதினான்காம் தேதிக்குள் எழுத்தில் பதில் அனுப்பவும்.