சும்மாடு இறங்கிய பிறகு

ஜூன் 6, 2022

மாவட்டத்தை வெட்டிப் பிரித்து, எங்கள் வடமாலபேட்டையைத் திருப்பதிப் பக்கம் தள்ளிய வருடம் இது. போன கார்த்திகையில் திருப்பதித் தெருவில் ஆறு ஓடியதே, அதற்கு அடுத்த மாங்காய் சீசன்.

எனக்கு எழுத்து தெரியாது. பேசினால் போனே எழுதும் என்று மருமகள் தேவசேனா காட்டிக்கொடுத்தாள். மாங்கூழ் பேக்டரியில் லாரியிலிருந்து பலகை வழியாகக் கூடை இறக்கும் கும்பலுக்கு நான் மேஸ்திரி. அங்கே புது மேனேஜர், பிரபாகர் என்று பெயர். விடிந்ததும் வெயிலில் நிற்கவைத்து அரைமணி மீட்டிங். நேற்று ஏன் கூடை குறைந்தது என்று கேட்கிறான். நிற்கவைத்துக் கேட்டால் எப்படி இறங்கும்?

ஜூன் 9

மீட்டிங்கோடு விட்டானா? பலகையில் நடக்கிறவனை ஆபீஸ் வாசலிலிருந்து கூப்பிடுகிறான். எங்கள் கும்பல் முனிசாமி சுமையோடு திரும்பிப் பார்த்துவிட்டான். கூடை கீழே போனது; நல்லவேளை, அவன் போகவில்லை.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சும்மாட்டுத் துணி ஒருவன் தலையில் இருக்கும்வரை அவனிடம் யாரும் பேசக்கூடாது. பெண்டாட்டி பிள்ளை பெற்றாலும் சும்மாடு இறங்கிய பிறகுதான் சேதி. மத்தியானம் கஞ்சிக்கு உட்காரும்போது கீழே வைப்போம். வேலைப் பேச்சு நாலு வார்த்தை. பிறகு படுத்துவிடுவோம். சாயந்திர லாரியை இறக்குவது அந்தத் தூக்கம்தான். ஆறு பேராக ஆரம்பித்த நாளிலிருந்து இப்படி. அதில் இப்போது மிச்சம் நான், முனிசாமி, எத்திராஜ்.

ஜூன் 11

பிரபாகரிடம் போனேன். "சார், சும்மாடு கீழ எறங்கினாதான் எங்காளுங்க காதுல பேச்சு ஏறும். காலைலயும் பலகைலயும் வாணாம்" என்றேன். நல்ல யோசனை என்று தோளைத் தட்டினான்.

வெளியே வந்ததும் முனிசாமி சொன்னான்: "ணா, நீ கலெக்டராவே போயிருக்கலாம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஜூன் 13

காலை மீட்டிங் இல்லை. பலகையில் எவனும் கூப்பிடவில்லை. மத்தியானம் சும்மாட்டைக் கீழே வைத்தோம். பிரபாகர் நாற்காலியோடு வந்து உட்கார்ந்தான்.

"நீங்க சொன்ன டைம்தான், மேஸ்திரி. பதி நிமிஷாலே."

அவனுடைய பத்து நிமிடம் முடிந்தபோது சங்கு ஊதிவிட்டது. யாரும் படுக்கவில்லை.

ஜூன் 17

இன்றும். எத்திராஜ் கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்தபடியே தூங்கிவிட்டான். அவனை எழுப்பி, என்ன புரிந்தது சொல் என்கிறான் பிரபாகர். கஞ்சி நேரத்துல பரிட்சை.

ஜூன் 18

மறுபடி போய், அது எங்கள் தூக்க நேரம் என்றேன். வேலையிலும் பேசக்கூடாது, ஓய்விலும் பேசக்கூடாது, அப்புறம் எப்போது பேசுவது என்று கேட்டான். பேசாமலே இருந்தால் என்ன என்று கேட்பதற்குள் அவனுக்குப் போன் வந்துவிட்டது.

ஜூன் 24

மீட்டிங்கில் முனிசாமி கை தூக்கினான். "காலு ஆடுது சார். கொஞ்ச நேரம் சாயணும்."

முடியாதவர்கள் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றான் பிரபாகர். முனிசாமி கையை இறக்கிக்கொண்டான்.

ஜூன் 25

முனிசாமி வுழுந்துட்டான். சாயந்திர லாரி. யாரும் கூப்புடல. யாருமே கூப்புடல. காலு தானா மடிஞ்சிச்சு. கீழ கல்லு. கூடையைப் புடிச்சிக்கினே கெடந்தான் — இன்னாத்துக்குடா அதப் புடிச்ச?

ஜூன் 27

ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டான்.

அவன் மனைவி இந்திராணி சும்மாட்டுத் துணியை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "அப்படி இன்னாதான் பேசினாங்க, மாமா, ஒரு மனுசன் கண்ண மூடக்கூட வுடாம?"

எந்த வருடம் எந்த லாரிக்காரன் முதல் காய் கொண்டுவந்தான் என்று நாற்பது வருடத்துக்கும் சொல்வேன். அந்த மீட்டிங்கில் பேசியது ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை.

ஜூலை 4

முனிசாமிக்காக எழுந்து நின்று ஒரு நிமிடம் பேசாமல் இருக்கச் சொன்னான் பிரபாகர். பிறகு பலகையில் கவனமாக நடப்பது பற்றி அரைமணி பேசினான்.

ஜூலை 5

மத்தியானம் நாற்காலியோடு வந்தான். நான் முனிசாமியின் துணியை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். எத்திராஜ் என்னைப் பார்த்தான். கீழே வைத்த தன்னுடையதை எடுத்து அவனும் சுற்றிக்கொண்டான். பிறகு எல்லோரும்.

பிரபாகர் பெயர் சொல்லிச் சொல்லிக் கேட்டான். யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனான். நாளைக்கு எங்களை வேலையை விட்டு நிறுத்துவான். நிறுத்தட்டும்.

சும்மாட்டோடு அப்படியே படுத்தோம். எனக்குத் தூக்கம் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அந்த ஆறு பேரில், என்னை விட்டால், எத்திராஜ் மட்டும்தான் இருக்கிறான். நன்றாகத் தூங்கிக்கினு இருந்தான்.