டப்ளின் வாடகைக்கு லேபர் கேம்ப் டெபாசிட்

மாட்டுங்கா லேபர் கேம்ப், மும்பை,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் பைசானுக்கும் மருமகள் சஃப்ரீனுக்கும் உம்மா சபுரா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் வாப்பாவும் தங்கச்சி சாயிமாவும் அல்லாஹ் கிருபையால் நலம், என் முழங்கால் மட்டும் நலமில்லை, அது எப்போதும் சொல்வதுதான். டப்ளினில் நீங்கள் இருவரும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். பைசான் தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அடுத்த ரமலான் வந்துவிடும், அதனால் சஃப்ரீன், நீயே சத்தமாகப் படித்துக் காட்டு, நான் அவனைத் திட்டும் இடங்களை விட்டுவிடாதே.

பைசான், சாயிமா நிக்காஹுக்கு வர முடியாது என்று சொல்லி, அதற்குச் சான்றாக உங்கள் மாதச் செலவுப் பட்டியலைப் போனில் அனுப்பியிருந்தாயே, அதைக் கண்ணாடி போட்டு நாலு தடவை படித்தேன். இரண்டு பேர் படுத்து எழும்ப ஓர் அறைக்கு மாதம் இரண்டாயிரம் யூரோவா? நம் காசுக்கு இரண்டு லட்சம்! அந்த வீட்டுக்காரனுக்கு மனசாட்சி என்று ஒன்று கிடையாதா? குப்பை எடுக்க முப்பது யூரோ, முடி வெட்ட இருபத்தைந்து. உன் தலையில் இருபத்தைந்து யூரோவுக்கு முடி எங்கே இருக்கிறது, அது வாப்பா வீட்டு மண்டை. அதுகூடப் போகட்டும், "மும்பை வீட்டுக்கு" என்று எங்களைக் கொண்டுபோய்க் குப்பைக்கும் கரண்ட் பில்லுக்கும் நடுவில் போட்டிருக்கிறாயே, பத்து மாதம் சுமந்தவளுக்கு அதுதான் இடமா?

அந்தக் கோபத்தில்தான் எனக்கு யோசனை வந்தது. நம் பக்கம் புத்தியுள்ளவன் எவன் மாத வாடகை கொடுக்கிறான்? ஹெவி டெபாசிட்டாக ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்தால் வாடகையே கிடையாது, காலி செய்யும்போது பணம் முழுசாகத் திரும்பி வரும். உன் வீட்டுக்காரனுக்கும் அப்படிக் கொடுத்து வாயை அடைத்தால் மாதம் இரண்டு லட்சம் மிச்சம், நீயும் வந்துவிடலாம் என்று நினைத்தேன். வாப்பாவும் "சபுரா, ஒனக்குள்ள இம்புட்டு மூளையா" என்றார், முப்பது வருஷத்தில் முதல் தடவை. உடனே நம் மாடி அறையை, துணிக்கு ஜரிகை வேலை செய்யும் நசீருக்கு இரண்டு வருஷத்துக்கு விட்டு, உன் வீட்டுக்காரனுக்குக் கொடுக்க ஐந்து லட்சம் டெபாசிட் வாங்கி பீரோவில் பூட்டிவிட்டோம். அதற்குப் பிறகுதான் சஃப்ரீனுக்குப் போன் செய்தேன். பாவம் பிள்ளை, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாமி, இந்த ஊர்ல அப்படி ஒரு வழக்கமே கெடையாது மாமி" என்றாள். பால் பொங்குகிறது என்று பொய் சொல்லிப் போனை வைத்தேன். பக்கத்து வீட்டு ஏஞ்சலம்மாளுக்கு எப்படித் தெரிந்ததோ, "ஏட்டி, வெள்ளக்காரன் வீட்டுக்கே டெபாசிட் குடுக்கப் போனியாமே" என்று மீன்காரி முன்னால் வைத்துக் கேட்கிறாள். நசீரைப் போகச் சொல்லவும் வழியில்லை, ஜரிகைத் துணி கட்டும் மரச்சட்டங்களை மாடியில் ஏற்றி வேலையைத் தொடங்கிவிட்டான்.

மாடி போனது போனதுதான். ஆனால் சாயிமா இருக்கிறாளே, "பைசான் காக்கா வீடியோல பாக்கட்டும்மா, நான் ஒண்ணும் அழமாட்டேன்" என்று சொல்லிவிட்டு மெஹந்தி டிசைன் பார்க்கிற சாக்கில் மூக்கை உறிஞ்சுகிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பணத்திலிருந்தே உங்கள் இருவருக்கும் டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன். நசீருக்குத் திருப்பிக் கொடுக்க இரண்டு வருஷம் இருக்கிறது, வாப்பா தான் தைக்கிற பள்ளிக்கூடப் பைகளுக்கு நாலு ஆர்டர் கூடுதலாகப் பிடித்து அடைப்பார். நீங்கள் கீழே எங்களோடு பாயில்தான் படுக்க வேண்டும், வாடகை கேட்க மாட்டேன்.

அல்லாஹ் உங்கள் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்யட்டும், அந்த வீட்டுக்காரன் நெஞ்சிலும் கொஞ்சம் ஈரத்தைப் போடட்டும். பாஸ்போர்ட் காப்பி இரண்டையும் இதைப் படித்த கையோடு அனுப்பு, ஏஜென்ட் காத்திருக்கிறான். ஜமாஅத்தில் நிக்காஹ் புத்தகத்துக்குச் சாட்சி பெயர் கேட்டார்கள், வாப்பா உன் பெயரைக் கொடுத்துவிட்டார். நீ வராமல் போனால் எழுத வேறொரு பெயர் கேட்டதற்கு, இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

உன் உம்மா,
சபுரா சலாவுதீன்