அப்பாவுடைய கிளப்

7 செப்டெம்பர் 2024, சனி

முதல் ஆட்டத்தில் வென்றோம். நான் மாற்று ஆட்டக்காரர் வாங்கில் இருந்து வென்றேன்.

எங்கள் பெண்கள் அணி போன ஜூனில்தான் ரக்பி முதற்பிரிவுக்கு ஏறியது. ஏற்றியவர்களில் நானும் ஒருத்தி. இத்தனை வருடமும் ஒன்பதாம் இலக்கம் நான்தான். முன்வரிசைக்காரர் முட்டி மோதி எடுக்கும் பந்தைக் காலடியிலிருந்து பொறுக்கி வெளியே வீசுகிறவள். இன்று அந்தச் சட்டை மனோனுக்கு. பிரான்சில் துலூஸ் பக்கமிருந்து இங்கே லோசானுக்குப் படிக்க வந்திருக்கிறாள், இருபது வயது. பயிற்சியாளர் பாஸ்கால் முன்பே ஒரு வார்த்தை சொல்லவில்லை. சட்டைகளைக் கொடுக்கும்போதுதான் தெரிந்தது.

அப்பா வழமைபோல மைதான ஓரத்தில் உருளைக்கிழங்கு ரோல்ஸ் பொரித்துக்கொண்டு நின்றார். ஒன்றைக் கடித்த மனோனுக்கு உறைப்பில் கண் கலங்கிவிட்டது. அப்பா சிரித்துக்கொண்டே தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். வரும்வழியில் பஸ்ஸில் என்னிடம், "அந்தப் பிள்ளை நல்லா எறியுது, என்ன?" என்றார்.

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

5 ஒக்டோபர், சனி

திரும்பவும் வாங்கு. மழை. சட்டையில் சேறே படவில்லை.

2 நவம்பர், சனி

பாஸ்காலிடம் நேரே கேட்டேன். மிகவும் மரியாதையாகப் பேசினார். நான் கிளப்பின் ஆன்மாவாம். சிறுமிகளுக்குப் பயிற்சி கொடுத்தால் எவ்வளவு நல்லாயிருக்கும் என்றார். எனக்கு இருபத்தொன்பது வயது. உயிரோடு இருக்கும்போதே படத்துக்கு மாலை போடுகிறார்கள்.

மனோனின் எறிதல் என்னுடையதைவிட வேகம். அது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தால் வலிக்காதா?

23 நவம்பர், சனி

குளிர்கால இடைவேளைக்கு முந்திய ஆட்டம். நான் போகவில்லை. இனிப் போகவும் மாட்டேன் என்று நேற்றே கிளப்புக்கு எழுதிவிட்டேன். விடிய எழும்பினால் வீடெல்லாம் எண்ணெய் மணம். அப்பா ரோல்ஸை ரஸ்க் தூளில் பிரட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "என்னை வாங்கில இருத்தின ஆக்களுக்குத்தானே பொரிக்கிறியள்?" என்றேன்.

அடுப்பைக் குறைத்தார்.

"வேலை செய்யிற ஆஸ்பத்திரியில என்னை ஆரும் பேர் சொல்லிக் கூப்பிடுறேல்ல, பிள்ளை. 'கூட்டுற ஆள்' எண்டுதான். அங்க போனா 'நாதன், நாதன்' எண்டு கத்துதுகள். நான் எப்பிடி அதை விடுறது?"

தில்லைநாதன் என்ற பெயரில் அவர்களால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். அதுவும் என்னால் கிடைத்தது. நான்தான் அவரை முதலில் அங்கே கூட்டிக்கொண்டு போனேன். இதைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா கண்ணால் தடுத்தா.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நானென்ன, செத்தா போனன்?

18 ஜனவரி 2025, சனி

பீல் நகர அணியில் சேர்ந்துவிட்டேன். அதே முதற்பிரிவு, ஆனால் கடைசிக்குப் பக்கத்தில். ஆள் பற்றாக்குறை, அதனால் கேள்வி கேட்காமல் எடுத்தார்கள். மைதானத்தில் பாதிப்பேர் பிரெஞ்சில் கத்துகிறார்கள், பாதிப்பேர் சுவிஸ் ஜெர்மனில். வேலை முடிந்து ரயிலில் போய், பயிற்சி முடிந்து ரயிலில் தூங்கி விழுந்துகொண்டு வருகிறேன்.

ஒன்பதாம் இலக்கம் தந்திருக்கிறார்கள்.

29 மார்ச், சனி

மோசமாகத் தோற்றோம். நன்றாக விளையாடினேன். பார்க்க ஆளில்லை. ஒருமுறை பீலுக்கு வாங்கோ என்று அப்பாவைக் கேட்டிருந்தேன். சனியில் தனக்குப் பழைய கிளப்பில் வேலை இருக்காம். வேலையாம்.

24 மே, சனி

எழுதாமல் படுக்க முடியாது.

இன்று எங்களுக்கும் பழைய கிளப்புக்கும் லோசானில் ஆட்டம். தோற்றால் பீல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கும். வென்றால் தப்பலாம். உடைமாற்றும் அறைக்குப் போகும் வழியில் அப்பாவைக் கண்டேன். கழுத்தில் அவர்களின் சால்வை. தலையை அசைத்தார். நானும் அசைத்தேன்.

பாதி ஆட்டம்வரை முன்னுக்கு நின்றோம். பிறகு மனோன் தொடங்கினாள். அவள் எறிய எறிய எங்கள் வரிசை கிழிந்தது. ஒவ்வொரு எறிதலுக்கும் கரையிலிருந்து ஒரு குரல். அந்தக் குரல் எனக்குத் தெரியும். "எறி பிள்ளை" என்று தமிழில் கத்துகிறார். அவளுக்கு.

அடுத்த முறை நான் அவள்மேல் பாய்ந்தேன். பந்து அவள் கையைவிட்டுப் போனதைக் கண்டேன். பந்தில்லாதவளை இடிக்கக் கூடாது. கண்டும் நிற்கவில்லை. என் தோள் அவளின் தாடையில் பட்டது. அவள் கையை ஊன்றக்கூட இல்லை, அப்படியே விழுந்தாள்.

சிவப்பு அட்டை. வெளியே நடந்தேன். அப்பா உள்ளே ஓடிவந்தார். எனக்குப் பக்கத்தால்தான் ஓடினார். அவளிடம் போய் முழங்காலில் இருந்தார்.

பீல் தோற்றது. இறங்கிவிட்டது. என்னோடு யாரும் ரயிலடிவரை வரவில்லை.

27 மே, செவ்வாய்

மனோனுக்குத் தாடையெலும்பில் வெடிப்பு. தலையிலும் அதிர்ச்சி. ஆஸ்பத்திரியில் அப்பா கூட்டுகிற மாடியில்தான் வைத்திருக்கிறார்கள். சாப்பிடும்போது தானாகச் சொன்னார். துடைப்பத்தோடு அறைக்குள் போனாராம். அவள் வாயைத் திறக்கமுடியாமல் "நாதன்" என்றாளாம். நேர்ஸ் திரும்பிப் பார்த்தாவாம், இவருக்கு ஒரு பெயர் இருக்கிறதா என்பதுபோல.

"நான் மன்னிப்புக் கேட்டன்," என்றார்.

"நீங்கள் ஏன் கேட்டியள்?"

"வேற ஆர் கேக்கிறது?"

அம்மா தண்ணீரை என் பக்கம் தள்ளினா.

30 மே, வெள்ளி

மனோனுக்குச் செய்தி அனுப்பினேன். நான்கு தரம் அழித்து எழுதியது. பதில் வந்தது: ரக்பியில் நடக்கிறதுதான், யோசிக்காதே. நடக்கிறதில்லை. அவளுக்கும் தெரியும்.

எனக்குப் போட்ட விளையாட்டுத் தடை அடுத்த பருவத்துக்குள்ளும் போகுமாம். எனக்கு அடுத்த பருவம் எது?

14 ஜூன், சனி

இறுதி ஆட்டம். பழைய கிளப் இறுதிவரை வந்திருந்தது. அப்பா காலையில் உடுப்பு மாற்றாமல் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தார். கிளப்பிலிருந்து இரண்டு தரம் போனில் கூப்பிட்டார்கள், எடுக்கவில்லை. அந்த ஆட்களின் முகத்தில் முழிக்க வெட்கமாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை.

நான் ரோல்ஸுக்கு உருளைக்கிழங்கை அவியப் போட்டேன். "எழும்புங்கோ அப்பா. நானும் வாறன்," என்றேன்.

மைதான ஓரத்தில் மேசைக்குப் பின்னால் நின்றேன். அவர் பொரிக்க, நான் கடதாசியில் சுற்றிக் கொடுத்தேன். வந்தவர்கள் எல்லோரும் "நாதன்" என்று அவரின் தோளைத் தட்டினார்கள். என்னிடமிருந்து வாங்கும்போது ரோல்ஸையே பார்த்தார்கள். பாஸ்கால் வரவே இல்லை. மனோன் கறுப்புக் கண்ணாடியோடு மைதானத்தின் அந்தப் பக்கத்தில் இருந்தாள். அவளின் இடத்தில் விளையாடிய பெண் பந்தைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தாள். கொஞ்சப் புள்ளியில் தோற்றார்கள். கிண்ணம் ஜெனீவாப் பக்கம் போனது.

மூடும் நேரத்தில், யாரோ புதுப் பிள்ளையின் தாய் வந்தா. என்னைக் காட்டி, இவளும் விளையாடுகிறவளா என்று அப்பாவிடம் கேட்டா.

அப்பா சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இல்லை, என்றார். மகள். எனக்கு உதவிக்கு வந்தவள்.