கேணி மோட்டாரும் எழிலின் மூச்சும்

ஜூன் 9, திங்கள்

பள்ளிக்கூடத்திலிருந்து பூர்ணிமா டீச்சர் கூப்பிட்டார். எழில்மொழி மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து, தயிர் சாதத்தில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டாளாம். துடைத்துவிடும்போதும் தூங்கினாளாம். "நைட்டு ஃபோன் பாக்க விடுறீங்களா மேடம்?"

ஏழு வயதுப் பெண், எட்டரைக்குப் படுத்து ஆறரைக்கு எழுகிறாள். பத்து மணி நேரம். அப்புறம் எப்படி? பாட்டனி படித்தவளுக்கு இதுகூடப் புரியவில்லை.

அவள் குறட்டை தெருமுனை வரை கேட்கும். மாமனாருக்கு அதில் தனிப் பெருமை. வீட்டுக்கு யார் வந்தாலும் அறை வாசலில் நிறுத்திக் கேட்கவைப்பார். எங்கப்பா குறட்டை, ரெண்டு தலைமுறை தாண்டி வந்திருக்கு என்பார். போன மாதம் பேங்க் மேனேஜர் நின்று கேட்டுவிட்டு, நல்லா இருக்குங்க என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு என்ன சொல்வார், பாவம்.

நானும் இரண்டு வருடமாக, பிள்ளை அடித்துப் போட்டதுபோலத் தூங்குவாள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

தஞ்சாவூரில் காது மூக்கு தொண்டை டாக்டர் வித்யாலக்ஷ்மி. மாமாவும் வந்தார். கேள்விகள் என்னைப் பார்த்து, பதில்கள் மாமாவிடமிருந்து. வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாளா — "நல்லா திறப்பா டாக்டர்." கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டு? "வில்லு மாதிரி." தலையணை நனையும் அளவு வேர்க்கிறதா, படுக்கையை நனைக்கிறாளா, எல்லாவற்றுக்கும் ஆமாம். பேத்தி நூற்றுக்கு நூறு வாங்குவதைப்போல மாமாவின் முகம் மலர்ந்துகொண்டே போனது. டாக்டர் முகம் அப்படி இல்லை.

மூக்குக்குப் பின்னால் அடினாய்டு என்ற சதை, தொண்டையில் டான்சில். இரண்டும் வீங்கி, தூங்கும்போது மூச்சு போகும் வழியை அடைக்கின்றனவாம். மூச்சு நிற்கிறது, மூளை பயந்து உலுக்குகிறது, குழந்தைக்கே தெரியாது. ராத்திரி முழுக்க இதே வேலை என்றால் பகலில் தயிர் சாதத்தில்தானே தூங்க முடியும். வளர்த்தி, படிப்பு இரண்டும் அடிபடலாம். வருடக்கணக்கில் விட்டால் இருதயத்துக்கும் சுமை. எல்லாக் குறட்டையும் இப்படி இல்லை, நின்று நின்று வருகிறதா என்று தெரியணும், தூங்கும்போது வீடியோ எடுத்து அனுப்புங்க என்றார். அநேகமாக ஆபரேஷன் வேண்டியிருக்கும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா ஒரே ஒரு வரி பேசினார். "பொம்பளப் புள்ள தொண்டையில கத்தி வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்."

ஜூன் 13

மஸ்கட்டிலிருந்து என் வீட்டுக்காரர் குணா பேசினார். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்பா என்ன சொல்றார்?" — மூச்சு அப்பாவுடையதா?

ஜூன் 15, ஞாயிறு

வீடியோ எடுத்தேன். விளக்கைப் போட்டால் விழித்துக்கொள்வாளே என்று இருட்டிலேயே எடுத்தேன். படம் முழுக்கக் கறுப்பு, ஒன்றரை நிமிடம் சத்தம் மட்டும். என் அறிவு. இருந்தாலும் அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

ஜூன் 16, திங்கள்

வீடியோ டாக்டருக்குப் போகவில்லை. ஊர்ப் பாசன வாட்ஸ்ஆப் குரூப்புக்குப் போயிருக்கிறது.

குணாவுக்குப் பதிலாக நான் அந்தக் குரூப்பில் இருக்கிறேன். ஆற்றுத் தண்ணீர் இன்னும் எங்கள் வாய்க்காலுக்கு வரவில்லை. குறுவை நாற்றங்கால் எல்லாம் மோட்டாரை நம்பித்தான். மோட்டார் போடும் ஆள் இருட்டில் சத்தத்தைப் பிடித்து எனக்கு அனுப்புவார், நான் குரூப்பில் போடுவேன், என்ன கோளாறு என்று நாலு பேர் சொல்வார்கள். அது வழக்கம். காலையில் பார்த்தால் நாற்பத்தோரு பதில்.

ராஜ்குமார் தம்பி: "அண்ணி, மோட்டார் காத்து வாங்குது." இளம்பரிதி வாத்தியார் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டிருக்கிறார்: இருபத்தொன்றாவது செகண்டில் நிற்கிறது, முப்பத்துமூன்றில் திரும்ப இழுக்கிறது. கேணியில் தண்ணீர் இருக்கிறது, உறிஞ்சும் வாயில்தான் அடைப்பு என்று பெரும்பான்மை முடிவு. இது பிள்ளை என்று ஒருவரும் சொல்லவில்லை. நோயை மட்டும் சரியாகச் சொல்லிவிட்டார்கள்.

கடைசியாக மாமாவின் குரல். முன்னறையில் உட்கார்ந்துகொண்டு அனுப்பியிருக்கிறார். "கலை, அந்த மோட்டாரை உடனே நிறுத்தச் சொல்லு. இப்படித் திணற விட்டா உள்ள காயில் கம்பி கருகிடும். நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடுற சமாச்சாரம் இல்ல இது. கபீரை வந்து அவுக்கச் சொல்லிட்டேன்."

மூன்று தரம் போட்டுக் கேட்டேன்.

மெக்கானிக் அஹமது கபீர் எட்டு மணிக்கே, உறிஞ்சு குழாயின் அடியில் மாட்டும் புது ஃபுட் வால்வோடு வந்துவிட்டார். மாமாவும் அவரும் வயலுக்குப் போய், கேணிக்குள் இறங்கி, வால்வைக் கழற்றிப் பார்த்து, மாட்டி, ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, ஒரு கோளாறும் இல்லாத மோட்டாரைத் திட்டிக்கொண்டே திரும்பினார்கள். நான் முன்பே சொல்லியிருக்கலாம். வேண்டுமென்றுதான் சொல்லவில்லையா? ஆமாம். என் நோட்டுதானே, எழுதலாம்.

எழிலுக்கு உடம்பு கதகதவென்று இருந்ததால் பள்ளிக்கு அனுப்பவில்லை. கூடத்தில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். டீ குடித்துக்கொண்டிருந்த கபீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஐயா, அந்தச் சத்தம் இதுதான்."

மாமா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அந்த நேரம் பார்த்துச் சத்தம் நின்றது. நெஞ்சு ஏறி இறங்குகிறது, காற்று போகவில்லை. மூன்று பேரும் நிற்கிறோம். மாமா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். பத்து விரலும் முடிந்துபோய், என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையையும் விரித்தபடி நின்றார். பிறகு அவள் துள்ளி, ஒரு இழுப்பு இழுத்தாள்.

கபீர் மெதுவாகத்தான் சொன்னார். "மோட்டாருக்கு விடிஞ்சதும் ஆள் விட்டீங்களேய்யா."

மாமா உள்ளே போனார். சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "தஞ்சாவூருக்கு எத்தனை மணிக்கு பஸ்ஸு?" என்று கேட்டார்.

ஜூன் 20

எக்ஸ்ரே ஆயிற்று. திருச்சியில் ஓர் இரவு தூக்கப் பரிசோதனை. உடம்பெல்லாம் ஒயர் ஒட்டியிருந்தும் தூங்கினாள் — தூங்குவதற்கு என்ன. ஒரு மணி நேரத்தில் பதினான்கு தரம் மூச்சு தடைபட்டிருக்கிறது. பதினான்கு. நான் பக்கத்துக் கட்டிலில்தானே இத்தனை வருடம் படுத்திருந்தேன்?

ஜூலை 3, வியாழன்

ஆபரேஷன் முடிந்தது. நன்றாக இருக்கிறாள். எடுத்ததைக் காட்டச் சொல்லி மாமா அடம்பிடித்துப் பார்த்தார். "இவ்ளோதானா?"

ஜூலை 29, செவ்வாய்

எழிலுக்குப் புதிதாக மூக்கு வந்திருக்கிறது. இத்தனை நாள் அடைத்துக் கிடந்ததில் எந்த வாசனையும் சரியாகத் தெரிந்ததில்லை போல. இப்போது சாம்பார், என் தலை எண்ணெய், காயாத துண்டு, ஒவ்வொன்றையும் முகர்ந்து தீர்ப்புச் சொல்கிறாள்.

சாயங்காலம் வயலிலிருந்து வந்த மாமா மடியில் உட்காரக் கூப்பிட்டார். அவள் பாதி வழியில் நின்றுவிட்டாள். "தாத்தா, உன்மேல சேத்து வாசம். அதுக்கு அடியில மூக்குப்பொடி."

பிறந்ததிலிருந்து அந்த மடியில் கிடந்தவள். அவர் முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. சோப்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். முதல் குளியல் தேறவில்லை. இப்போது இரண்டாவது நடக்கிறது. எழில் பக்கத்தில் நின்று, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, மூக்கால் இழுத்து இழுத்துப் பார்க்கிறாள். காதுக்குப் பின்னால் இன்னும் இருக்கிறதாம்.

அவர் குனிந்து காதைக் காட்டுகிறார்.