அடி தெரியாத குளம்

மார்ச் 4

குளத்து முதலாளிக்கு,

நானும் குட்டியும் நலம். நீங்கள் ஆசைப்பட்டு வீட்டோடு வாங்கிய நீச்சல்குளம்தான் படுத்துகிறது. பம்பு நின்றுபோய்த் தண்ணீர் பச்சையாகிவிட்டது. மருந்து கொட்டியும் தெளியவில்லை. "மோட்டார் போயிடுச்சும்மா, புதுசுதான் போடணும்" என்கிறார் மெக்கானிக். அவர் சொல்லும் தொகைக்கு ஒரு ஃப்ரிட்ஜே வாங்கலாம்.

எனக்கு மோட்டாரைவிட வேலிதான் கவலை. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பின்கதவைத் திறக்கக் குட்டிக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வயதுக்கு இவ்வளவு மூளை ஆகாது. எல்லாம் உங்கள் குடும்பத்துப் புத்தி. குளத்தைச் சுற்றி வேலி போட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

உங்கள் வாயாடி

மார்ச் 15

வாயாடிக்கு,

அனுப்பியிருக்கும் பணம் மோட்டாருக்கு. வேலியை அப்புறம் பார்க்கலாம். ஓவர்டைம் பார்த்துத்தான் இதையே சேர்த்தேன். இங்கே பணம் மரத்தில் காய்க்கவில்லை. நாளைக்கு வீட்டை விற்க நேர்ந்தால் அந்தக் குளத்தால்தான் விலை கிடைக்கும். தண்ணீரை மட்டும் காலி செய்துவிடாதே. வீட்டை விற்றவர் அதைப் படித்துப் படித்துச் சொன்னார்.

நீ எதற்கெடுத்தாலும் பயப்படுவாய். பின்கதவுக்கு ஒரு பூட்டுப் போடு, போதும்.

உன்னவன்

ஏப்ரல் 2

அன்புள்ள உங்களுக்கு,

கோபப்படாமல் படியுங்கள். மோட்டார் போடவில்லை. ஆள் வைத்துத் தண்ணீரை இறைத்துவிட்டேன். அதன் பிறகு விடாத மழை. குளத்தின் தொட்டியே ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு தரைக்கு மேலே வந்துவிட்டது. சுற்றியுள்ள சிமெண்ட் தரை பிளந்து கிடக்கிறது.

"உள்ள தண்ணி இருந்தா அந்த கனத்துல அப்படியே உட்கார்ந்திருக்கும்மா. காலியா இருக்கவும் அடியில ஊறுன தண்ணி தூக்கிடுச்சு" என்றார் மெக்கானிக். சரிசெய்யப் புதிதாகக் கட்டுகிற செலவாகுமாம். இறைத்த கூலி போக உங்கள் பணம் அப்படியே இருக்கிறது.

உங்கள் வாயாடி

ஏப்ரல் 13

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய வீடு. எது கூடாது என்று சொன்னேனோ அதையே செய்திருக்கிறாய். ஏன் செய்தாய்? அதையாவது எழுது.

ஏப்ரல் 24

உங்களுக்கு,

நீங்கள் பயப்படுவீர்கள் என்றுதான் மறைத்தேன்.

தண்ணீரை இறைக்கச் சொன்ன அன்று, துணி காயப்போட்டுவிட்டு வந்தவள் பின்கதவைப் பூட்ட மறந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் குட்டியைக் காணவில்லை. குளத்தோரம் அவள் செருப்பு ஒன்று கிடந்தது. தண்ணீர் தெளிந்திருந்தால் எட்டிப் பார்த்தாலே தெரிந்திருக்கும். அந்தப் பச்சையில் அடியே தெரியவில்லை. குதித்துவிட்டேன். கையால் துழாவினேன். மூக்கிலும் வாயிலும் தண்ணீர். ஓரத்துக் கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி மறுபடி துழாவினேன்.

அவள் துணி அலமாரிக்குள் தூங்கியிருக்கிறாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்று, "அம்மா, நீ ஏன் துணியோட குளிக்கிற?" என்று கேட்டாள்.

அன்றைக்கே இறைக்க ஆள் கூப்பிட்டேன். விலை போனால் போகட்டும். இனி அந்தக் குளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாலும் குட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன். மிரட்டவில்லை. என்னால் முடியவில்லை.

மே 3

வாயாடிக்கு,

உனக்கு நீந்தத் தெரியாதே.

நீயே உன் கையால் எழுதிய கடிதம்தான், பிழைத்துத்தான் எழுதியிருக்கிறாய் என்று தெரிகிறது. ஆனாலும் வேலை ஓடவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வேலையிலிருந்து அறைக்கு வந்துவிட்டேன்.

குளத்தைச் சரிசெய்ய வேண்டாம். மண் அடித்து மூடச் சொல். இருக்கும் பணம் போதாவிட்டால் எழுது. மூடி முடிக்கும்வரை நீயும் குட்டியும் அந்த வீட்டில் இருக்க வேண்டாம், அண்ணன் வீட்டுக்கே போய்விடுங்கள். லீவு கேட்டிருக்கிறேன். நானே வந்து நம் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன்.

உன்னவன்