கைமரத்தின் வெறும்பக்கம்

அண்ணே,

கைமரம் இப்போது என் லயத்து வீட்டு வாசலில் இருக்கிறது. தோட்டத்துத் துரைசானி சீமைக்குத் திரும்பும்போது உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போன மரம். நீங்கள் இறந்து காரியம் முடிந்த மறுவாரம் அண்ணி அதைச் சாக்கில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். "ஒங்கிட்ட குடுக்கச் சொன்னாரு, தங்கச்சி. வேற ஒண்ணும் சொல்லல" என்றார். வேறு ஒன்றுமே சொல்லவில்லையாம்!

அது வந்தபோது ஒரு சாண் உயரம்தான். துரைசானி அதை ஜப்பான் மேப்பிள் என்றார். இலை குழந்தையின் விரித்த கைபோல இருந்ததால் நாம் கைமரம் என்றோம். ஒரு தட்டுக்குள் முழு மரமே நிற்கிற படத்தைக் காட்டி, இதையும் அப்படி வளர்க்க வேண்டும் என்றார். பங்களாத் தோட்டக்காரரான நீங்கள், "கொழுந்து கிள்ளுற புள்ள ஒண்ணு இருக்குங்க. வெரலு நல்ல நிதானம்" என்று சொல்லி என்னைத் தேயிலை மலையிலிருந்து கூட்டிவந்தீர்கள். விடியற்காலைப் பனியில் பேர் கொடுக்கப் பெரட்டில் நிற்க வேண்டாம், தலையில் கூடைக்கயிறு இல்லை. கூடப்பிறந்த அண்ணன்கூட எனக்கு இவ்வளவு செய்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஆணிவேரை வெட்டி, மற்ற வேர்களைத் தட்டில் பரப்பினோம். கிளைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் கீழே இழுத்துக் கட்டினோம். கயிறு பட்டையைக் கடிக்கும்முன் அவிழ்த்து இடம் மாற்றுவது என் வேலை. அடியிலிருந்த வலப்பக்கக் கிளையைப் படியவைக்க எனக்கு மூன்று வருஷம் பிடித்தது.

நம் மலையில் உறைபனி போதாது, இலை தானாக முழுதும் உதிராது. குளிர்மாதத்தில் நாமே இலையை எடுத்து மரத்தைத் தூங்கவைக்க வேண்டும் என்று துரைசானி புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார். இலையை மட்டும் கத்தரித்துக் காம்பை விட வேண்டும், மொட்டு காம்படியில் இருக்கிறது. சனிக்கிழமை மேல்கிளைகளை நான் முடித்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போயிருந்தபோது மீதியை நீங்கள் முடித்தீர்கள்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் அந்த அடிக்கிளையில் காம்பும் இல்லை, மொட்டும் இல்லை. கொழுந்து கிள்ளுவதுபோல நுனியோடு கிள்ளியிருந்தீர்கள். உங்களுக்கும் சின்ன வயதில் பழகிய கைதானே. அதற்காக நான் கோபப்படவே இல்லை. கிளை ஒரு மாதத்தில் காய்ந்தது, அதை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

யார் செய்தது என்று துரைசானி கேட்டார். நான் உங்களைப் பார்த்தேன், நீங்கள் தட்டைப் பார்த்தீர்கள்.

"இந்தப் புள்ளதாங்க. கொழுந்து கிள்ளுற கை, பழக்கம் போகல" என்றீர்கள்.

யார்தான் நம்பமாட்டார்கள்? நானே கேட்டிருந்தாலும் நம்பியிருப்பேன். மறுநாள் விடியலில் மறுபடி பெரட்டில் நின்றேன். வேலை வாங்கும் கங்காணி என் கையைப் பார்த்துச் சிரித்தார்.

அதோடு விட்டீர்களா? போகப் போக, ஒரு பக்கம் ஒழிந்த அந்த மரம் அப்புத்தளைக் காற்றில் சாய்ந்த மரம்போல அழகாகிவிட்டதாம், வந்த விருந்தாளிகளெல்லாம் மெச்சினார்களாம். "அந்தக் கெளைய நாந்தான் வேணும்னே எடுத்தேன்னு சொல்றாருக்கா" என்று பங்களாச் சமையல்காரன் வந்து சொன்னான். கெட்டபோது என் கை, நன்றாக வந்தபோது உங்கள் கை.

அதற்கப்புறமும் வழியில் கண்டால் "சொகமா, தங்கச்சி?" என்பீர்கள். "இருக்கேன்ணே" என்பேன். ஒவ்வொரு தடவையும் இன்றைக்காவது சொல்வீர்கள் என்று கொஞ்சம் நின்று பார்ப்பேன். "நாந்தான் கிள்ளினேன்" என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் போதும், அண்ணே.

இன்று காலை தண்ணீர் தெளிக்கும்போது, காய்ந்த கிளையின் பழைய வடுவோரம் சிவப்பாக ஒரு மொட்டு. விட்டால் மூன்று வருஷத்தில் என் கிளை திரும்ப வந்துவிடும். அங்கே ஒரு காயம் இருந்ததே யாருக்கும் தெரியாமல் போகும். வெகுநேரம் அதன்முன் உட்கார்ந்திருந்தேன். பிறகு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்து, கொழுந்து கிள்ளுவதுபோலவே அதைக் கிள்ளிப் போட்டேன்.

அன்று நீங்கள் சொன்னதை இன்று என் கை செய்துவிட்டது. அந்தப் பக்கம் வெறுமையாகவே இருக்கட்டும். நான் இருக்கிறவரை அங்கே எதையும் துளிர்க்க விடமாட்டேன்.